பூங்கோதை வெட்டிய இடங்கள்

பாட்காஸ்ட் செய்யப்போவதாகத் தணிகாசலம் ஐயா சொன்னபோது பூங்கோதை அதை நம்பவில்லை.

ஐயா நில அளவைத் துறையில் வேலை பார்த்தவர். வேலையை விட்டுவிட்டு ஜவ்வாது மலையடிவாரத்தில் ஓர் ஓட்டுக் கட்டடத்தில் வந்து உட்கார்ந்தார். யாரையும் கூப்பிடவில்லை. ஆனாலும் ஆட்கள் வந்தார்கள், தங்கள் குழப்பத்தைச் சொன்னார்கள். அவர் கேட்டுக்கொண்டு ஒன்றிரண்டு வார்த்தை சொன்னார். அந்த ஒன்றிரண்டு வார்த்தைக்காக இன்னும் நிறையப் பேர் வந்தார்கள். சிலர் அங்கேயே தங்கினார்கள். இடத்துக்குக் குடில் என்று பெயர் வந்துவிட்டது.

தங்கியவர்களில் ஒருத்தி பூங்கோதை. சென்னையில் ஒரு செய்தித் தொலைக்காட்சியில் எடிட்டராக இருந்தவள். பெரிய மனிதர்கள் இருமுவதையும் திணறுவதையும் வெட்டி எடுத்துவிட்டு, தடுமாறாமல் பேசியதுபோல் ஒட்டித் தருவது அவள் வேலை. அதில் கெட்டிக்காரி. நாற்பதைத் தாண்டிய பிறகு ஒருநாள் ஐயாவைப் பார்க்க வந்தாள். திரும்பிப் போகவில்லை.

வந்ததிலிருந்து ஐயாவின் பேச்சைப் பதிவு செய்யலாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஐயா மறுத்துக்கொண்டே இருந்தார்.

"எதிர்ல இருக்கிற ஆளைப் பார்த்துச் சொல்றது அது. முகம் தெரியாதவங்களுக்கு எப்படிச் சொல்றது?" என்பார்.

இப்போது அவரே வந்து கேட்கிறார்.

"யாரோட பேசப்போறீங்க ஐயா?"

"போன்ல பேசுதே, சாட்பாட்டுன்னு. அதோட."

"அதோடயா?"

"நான் கேக்கிறேன். அது சொல்லட்டும். நீ பதிவு பண்ணிப் போடு. வேணுங்கறவங்க கேக்கட்டும்."

"நீங்க கேக்கப்போறீங்களா?"

"ஏன், நான் கேக்கக் கூடாதா?"

பூங்கோதை போய் மைக் வாங்கினாள்.

குடிலில் எதிரொலி இல்லாத அறை ஒன்றுதான். அரிசி மூட்டை அடுக்கும் அறை. மூட்டைகள் சத்தத்தை வாங்கிக்கொள்ளும். வியாழக்கிழமை காலைச் சாப்பாடு முடிந்ததும் ஐயா ஒரு மூட்டையில் சாய்ந்து உட்கார்வார். எதிரே ஸ்டூலின் மேல் போன் இருக்கும். பூங்கோதை ஹெட்போனை மாட்டிக்கொண்டு கதவோரமாக லேப்டாப்போடு உட்கார்வாள்.

போனிலிருந்து வந்தது ஒரு பெண்குரல். புத்தகத் தமிழில் பேசியது. ஐயா அதையும் 'நீங்க' என்றுதான் அழைத்தார்.

பலாப்பழம் அறுக்கும்போது பிசின் கையில் ஒட்டாமல் இருக்க என்ன செய்வது என்று கேட்டார். தூக்கம் எதற்காக வருகிறது என்று கேட்டார். கோபம் வந்தால் ஏன் காது சூடாகிறது என்று கேட்டார். அது சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, புரியாத இடத்தில் மறுபடியும் கேட்டார்.

ஒருமுறை, "உங்ககிட்ட ஒருத்தர் தப்பாச் சொன்னா உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"எல்லா நேரமும் எனக்குத் தெரியாது. முன்பு சொன்னதோடு அது முரண்பட்டால் தெரிய வாய்ப்பு உண்டு" என்றது அந்தக் குரல்.

"தெரிஞ்சா சொல்லுவீங்களா?"

"சொல்வேன்."

"அது போதும்" என்றார் ஐயா.

நிறையப் பேர் கேட்டார்கள். ஒரு பெரியவர் கூச்சமில்லாமல் கேள்வி கேட்பது அவர்களுக்குப் பிடித்திருந்தது. கேலி செய்தவர்களும் உண்டு. 'சாமியாரே கம்ப்யூட்டர்கிட்ட வழி கேக்கிறாரு' என்று ஒருவர் எழுதியிருந்தார்.

ஏகாம்பரத்துக்கு அது தாங்கவில்லை. இரும்புக்கடை வைத்திருந்தவர், கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்து குடிலின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேராக ஐயாவிடம் போய் நின்றார்.

"ஐயா, பதில் சொல்ற இடத்துல இருந்தவர் நீங்க. இப்படிக் கேட்டுக்கிட்டு இருந்தா ஜனங்க என்ன நினைப்பாங்க?"

"உனக்குத் தெரியாதது ஏதாவது இருக்கா ஏகாம்பரம்?"

"எவ்வளவோ இருக்கு ஐயா."

"யார்கிட்ட கேப்பே?"

"உங்ககிட்டதான்."

"நான் யார்கிட்ட கேக்கிறது?"

ஏகாம்பரம் சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டார்.

மழை தொடங்கிய சமயத்தில்தான் அது நடந்தது.

பதிவின் நடுவே ஐயா, தான் சர்வேயராக இருந்தபோது நடந்த ஒன்றைச் சொன்னார். அண்ணன் தம்பி இருவருக்கு வரப்போரத்துக் கிணற்றின் மேல் சண்டை. பேச்சு நின்று, கல்யாணம் காட்சிக்கும் போகாமல் இருந்தார்கள். ஐயா போய்ச் சங்கிலி பிடித்து அளந்தார். கிணறு இரண்டு பேருடையதும் இல்லை, புறம்போக்கில் இருந்தது. அதைக் கேட்டதும் தம்பிக்காரன் சிரித்துவிட்டான். அன்று அண்ணன் வீட்டில்தான் எல்லோருக்கும் சாப்பாடு.

கதை நன்றாக இருந்தது. போன் அதைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னது. பேச்சு வேறெங்கோ போனது.

கொஞ்ச நேரம் கழித்து ஐயா, "ஒரு கதை சொல்றேன். அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கு ஒரு கிணத்து மேல சண்டை" என்று ஆரம்பித்தார்.

பூங்கோதை நிமிர்ந்து பார்க்கவில்லை. லேப்டாப் திரையில் ஓடும் ஒலிக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயா கதையை முழுக்கச் சொன்னார். இந்த முறை கிணறு அண்ணன் நிலத்தில் இருந்தது.

போனிலிருந்து குரல் வந்தது. "இதே நிகழ்ச்சியைச் சற்று முன்பும் சொன்னீர்கள். அப்போது கிணறு புறம்போக்கில் இருந்ததாகச் சொன்னீர்கள். இப்போது அண்ணன் நிலத்தில் என்கிறீர்கள். எது சரி?"

ஓட்டின் மேல் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"தெரியலையே" என்றார் ஐயா.

அன்று பூங்கோதை எடிட் செய்ய உட்கார்ந்தபோது அந்த இடத்துக்கு வந்ததும் கை தானாகப் போனது. இரண்டாவது கதையை எடுத்தாள். போன் கேட்டதை எடுத்தாள். 'தெரியலையே'யை எடுத்தாள். தூறல் சத்தத்தைக் கொஞ்சம் நீட்டி ஒட்டினாள். எங்கே வெட்டியது என்று அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

அதன்பிறகு வெட்டவேண்டியது அதிகமாகிக்கொண்டே வந்தது. ஐயா கேட்டதையே கேட்டார். வார்த்தை அகப்படாமல் நின்றார். போன் ஒவ்வொரு முறையும் மரியாதையாக எடுத்துச் சொன்னது. பூங்கோதை எல்லாவற்றையும் வெட்டினாள். வெளியே போனதில் ஐயா ஆற்றுத் தண்ணீர்போலப் பேசினார்.

மூட்டை அறைக்கு வெளியிலும் அதேதான். ஐயா குளித்துவிட்டு வந்து மறுபடியும் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்புவார். யாராவது, "வெயில் ஏறிடுச்சு ஐயா, நாளைக்குப் போகலாம்" என்று திருப்பிக் கூட்டிவருவார்கள். காலையில் நடக்கப் போனால் ஏகாம்பரம் பத்தடி பின்னால், தானும் நடக்க வந்ததுபோல வருவார். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அந்த நாட்களில்தான் நித்யகலா வந்தாள். போளூர்ப் பக்கத்துப் பெண், நர்ஸ். மஸ்கட்டில் வேலை கிடைத்திருந்தது. பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த பிள்ளையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும். போவதா வேண்டாமா என்று கேட்டாள்.

ஐயா அவள் சொன்னதை நிதானமாகக் கேட்டார். "போம்மா. பயந்துகிட்டு இங்க இருந்தா அந்தப் பயத்தைத்தான் பிள்ளைக்குக் கொடுப்பே" என்றார்.

அவள் முகம் தெளிந்தது. மத்தியானம் குடிலிலேயே சாப்பிட்டாள். கிளம்பும்முன் சொல்லிக்கொள்ள வந்தாள்.

ஐயா அவளைப் பார்த்து, "வாம்மா, என்ன விஷயம்?" என்றார்.

அவள் சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்தாள். "அதான் ஐயா, மஸ்கட் விஷயம்" என்றாள்.

ஐயா முழுவதையும் மறுபடி கேட்டார். "பிள்ளைக்கு நீ வேணும்மா. போகாதே" என்றார்.

நித்யகலா கையில் பையோடு அப்படியே நின்றாள். "காலையில போன்னு சொன்னீங்களே ஐயா."

ஐயா ஏகாம்பரத்தைப் பார்த்தார். ஏகாம்பரம் சட்டென்று முன்னால் வந்தார். "ஐயா ரெண்டையும் சொல்லி உன்னைச் சோதிக்கிறாரும்மா. அதுக்குள்ள ஒரு அர்த்தம் இருக்கும். வீட்டுக்குப் போய் யோசி, புரியும்."

அவள் கும்பிட்டுவிட்டு நடந்தாள். நடக்கும்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள் என்று பின்னாலிருந்து பார்த்த பூங்கோதைக்குத் தெரிந்தது. இல்லாத அர்த்தத்தைத் தேடி இவள் எத்தனை ராத்திரி தூங்காமல் கிடப்பாள் என்று தோன்றியது. செருப்புக்கூடப் போடாமல் ஓடி வாசல் கேட்டருகே அவளைப் பிடித்தாள்.

"அதுல அர்த்தம் எதுவும் இல்லைம்மா. ஐயாவுக்கு மறதி வந்திருக்கு. காலையில நீ வந்தது அவருக்கு ஞாபகம் இல்லை."

அவள் வாயிலிருந்து அது வெளியே வந்தது அதுதான் முதல் தடவை.

நித்யகலா பையைக் கீழே வைத்தாள். "எவ்வளவு நாளா?"

"ஏழெட்டு மாசம் இருக்கும்."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"இல்லை."

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

பூங்கோதை இல்லை என்று தலையசைத்தாள்.

"இவ்வளவு பேர் கூட இருக்கீங்களேக்கா" என்றாள் நித்யகலா. திட்டுவதாக இல்லை. ஆச்சரியமாகத்தான் கேட்டாள். பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அப்போ நானேதான் முடிவு பண்ணணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வியாழக்கிழமை ஐயா பதிவுக்கு உட்காரவில்லை. "இதுவரைக்கும் போட்டதை எனக்குப் போட்டுக் காட்டு" என்றார்.

பூங்கோதை அவர் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டாள். ஐயா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று கையைக் காட்டினார். வெளியே சாப்பாட்டுக்கு மணி அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அருமையாப் பேசறாரு. ஒரு இடத்துல கூடத் தடுமாறல" என்றார். பிறகு, "யாரு இவரு?" என்றார்.

"ஐயா, அது நீங்கதான்" என்றாள் மெதுவாக.

"மறந்துபோய்க் கேக்கலைம்மா. தெரிஞ்சுதான் கேக்கிறேன். இதுல ஒரு கிணறு இருந்துச்சு. புறம்போக்கா, அண்ணன் நிலமான்னு போன் என்னைக் கேட்டுச்சு, அது மட்டும் மனசுல நிக்குது. அந்தக் கேள்வி எங்கே?"

"வெட்டிட்டேன்."

"நான் தெரியலைன்னு சொன்னது?"

"அதையும்."

"எதுக்கு?"

"யாரும் உங்களைக் குறைச்சு நினைச்சிடக் கூடாதுன்னு."

ஐயா ஹெட்போன் வயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"பதிவு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எனக்குச் சந்தேகம். ஏகாம்பரத்தைக் கேட்டேன். வயசானா எல்லாருக்கும் இப்படித்தான்னான். சமையல்கட்டுல கேட்டேன். நீங்க ஞானி, உங்களுக்கு எதுக்கு ஞாபகம்னாங்க. சரி, பயப்படாம சொல்றது எதுன்னு பார்த்தேன். இந்தப் போன் ஒண்ணுதான் கிடைச்சுது."

"அப்புறம் எதுக்கு ஐயா பதிவு பண்ணச் சொன்னீங்க? தனியாவே கேட்டிருக்கலாமே."

"அது சொன்னதையும் நான் மறந்துடுவேனே. பதிவுல இருக்கும், எப்போ வேணும்னாலும் போட்டுக் கேட்டுக்கலாம்னு நினைச்சேன்."

பூங்கோதை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல மாதங்களாகத் தான் வெட்டி எறிந்தது என்ன என்று இப்போதுதான் தெரிந்தது. ஒட்டுத் தெரியாமல் வெட்டினோம் என்று ஒவ்வொரு முறையும் அவளுக்குள் ஒரு சின்னப் பெருமை இருந்தது. அதுவும் ஞாபகம் வந்தது.

ஐயா ஸ்டூலிலிருந்து போனை எடுத்து மூட்டையின் மேல் கவிழ்த்து வைத்தார். ஸ்டூலைத் தன் எதிரே இழுத்துப் போட்டார். மைக்கை அதன் பக்கம் திருப்பினார்.

"இங்க வந்து உட்காரு. பதிவைப் போடு."

அவள் உட்கார்ந்தாள்.

"சொல்லு."

"ஐயா, அதுதான் சொல்லிடுச்சே. நான் வேற எதுக்கு?"

"அது சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுச்சு. நாளைக்கு நான் பாதையில நின்னு முழிச்சா, அது வந்து கையைப் பிடிக்கப்போறது இல்லை. கூட இருக்கப்போறவ நீ. நீ சொல்லு."

பூங்கோதை வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். மறுபடி திறந்தாள். குரல் நடுங்கியது. தொலைக்காட்சியில் இருந்திருந்தால் முதலில் வெட்டியிருப்பாள் அந்தக் குரலை.

"ஐயா, உங்களுக்கு மறதி வந்திருக்கு. ஏழெட்டு மாசமாவே இருக்கு. அதிகமாகிட்டே வருது."

"எதை எதை மறக்கிறேன்?"

அவள் சொன்னாள். குளித்ததை. கிணற்றை. அவளையே இரண்டு முறை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதை. ஐயா, யாருடைய நிலத்தையோ அளந்த கணக்கைக் கேட்பவர்போலக் கேட்டார். நித்யகலா விஷயம் வந்ததும் மட்டும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"போன்னும் சொன்னேனா? போகாதேன்னும் சொன்னேனா?"

"ரெண்டும் சொன்னீங்க. அது சோதனைன்னு ஏகாம்பரம் அண்ணன் சொல்லி அனுப்பிட்டாரு."

ஐயா எழுந்து நின்றார். அவரை அவ்வளவு கலங்கி அவள் பார்த்ததில்லை. "அந்தப் பொண்ணுக்குப் போன் போடு" என்றார்.

நித்யகலா எடுத்தாள்.

"ரெண்டு விதமாச் சொன்னேனாமேம்மா. ரெண்டையும் விட்டுடு" என்றார் ஐயா.

"அன்னைக்கே விட்டுட்டேன் ஐயா. பிள்ளையையும் கூட்டிட்டு வரலாமான்னு மஸ்கட்காரங்ககிட்டயே கேட்டு எழுதியிருக்கேன். சரின்னா போறேன்."

ஐயா கொஞ்சம் யோசித்தார். "எனக்கு இது தோணவே இல்லையே" என்றார். அவர் முகத்தில் பழைய தெளிவு வந்தது.

அந்தப் பதிவு வெட்டாமல் வெளியே போனது. கேட்டவர்களில் பாதிப்பேர் திட்டினார்கள். குடிலுக்கு ஆட்கள் வருவது குறைந்தது. ஏகாம்பரம் பூங்கோதையிடம் பல நாள் முகம்கொடுத்துப் பேசவில்லை. "நடுச்சந்தியில நிறுத்திட்டே அவரை" என்று ஒருநாள் வெடித்தார். ஆனால் ஐயா நடக்கப் போகும்போது இப்போது அவர் பத்தடி பின்னால் வருவதில்லை. பக்கத்திலேயே நடந்தார். "ஐயா, இந்தப் பக்கம்" என்று வாய்விட்டுச் சொன்னார்.

ஆலோசனை கேட்டு வருகிறவர்களிடம் ஐயா, "நான் இப்போ அதெல்லாம் சொல்றது இல்லை. உட்காருங்க, சாப்பிட்டுப் போங்க" என்றார். சிலர் சாப்பிட்டுப் போனார்கள். வியாழக்கிழமைப் பதிவுகள் மட்டும் நிற்கவில்லை. ஐயா கேட்டதையே கேட்டார். போன் அதைச் சொன்னது. பூங்கோதையும் இடையிடையே சொன்னாள். எல்லாம் அப்படியே போனது.

திருவண்ணாமலையில் நரம்பு மருத்துவர் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார். இது திரும்பாது, வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஐயா அவரிடம் நிறையக் கேள்வி கேட்டார். மருத்துவருக்கு அவரைப் பிடித்துப்போனது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. பூங்கோதை ஜன்னலோரம் ஐயாவை உட்கார வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே கரும்பு லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஐயா அவற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனாலும் கேட்டாள்.

"ஐயா, ஒருநாள் என்னையும் மறந்துட்டா?"

"மறப்பேன்" என்றார் ஐயா. "நீ யாருன்னு உன்னையே கேப்பேன். அதுல தத்துவம் ஒண்ணும் இருக்காது. உன் பேரைச் சொல்லு, போதும்."